டாக்டருக்குத் துணையாக ரெண்டு வாரம்

புதிதாகச் சேரும் டாக்டரை வார்டுக்குப் பழக்குவது பெரிய காரியமில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நீண்ட லீவு முடிந்து திரும்பி வரும் டாக்டர்தான் கஷ்டம். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியுமா என்பதில்தான் அவருக்கே சந்தேகம்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், கம்பெனி பஸ்கள் ஓயாமல் போய்வரும் ரோட்டோரத்தில், ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நான் சிஸ்டர் இன்சார்ஜ். எங்கள் மெடிசின் யூனிட் சீஃப் ஒருநாள் ரவுண்ட்ஸ் முடித்துக் கை கழுவிக்கொண்டே புது ஏற்பாடு ஒன்றைச் சொன்னார். எம்.டி. படித்துக்கொண்டே வேலை பார்க்கும் பி.ஜி. டாக்டர்கள் யாராவது ஆறு மாதத்துக்கு மேல் லீவில் இருந்துவிட்டு வந்தால், முதல் ரெண்டு வாரம் அவர்களுக்கு நைட் டியூட்டி கிடையாது. மேற்பார்வைக்கு ஒரு சீனியர் டாக்டர், கூடவே நிற்க அனுபவமுள்ள ஒரு ஆள். அந்த ஆள் யார் என்று கேட்டபோது சீனியர்கள் எல்லோரும் அவரவர் செல்போனைப் பார்த்தார்கள். மறுநாள் வந்த சர்க்குலரில் ‘உடனிருப்பவர்’ என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. டாக்டருக்கு வைத்தியம் சொல்ல நர்ஸுக்கு அதிகாரமில்லை, சொல்லாமல் நின்றால் நமக்குத் தூக்கமில்லை. வார்டில் நின்று கால் வீங்கிய நர்ஸ்களான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

டோக்கன் நம்பர்

முதலில் வந்தவர் டாக்டர் நிவேதா. பிரசவ லீவு, அதன்பின் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் நீட்டிய லீவு என்று ஒன்பது மாதம். காலை எட்டு மணிக்கு வர வேண்டியவர் எட்டே முக்கால் ஆகியும் வரவில்லை. கேட்டில் விசாரித்தால், அவர் ஏழே முக்காலுக்கே உள்ளே போய்விட்டார் என்கிறார் செக்யூரிட்டி. டாக்டர்கள் அறை, கேன்டீன், லிஃப்ட் பக்கம் எல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் ஓ.பி. ஹாலில் பார்த்தேன். நாலாவது வரிசையில், டோக்கனோடு காத்திருக்கும் ஜனங்களுக்கு நடுவில், வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு உள்ளே வரலாம் என்று நினைத்தாராம், அப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லையாம்.

பக்கத்தில் இருந்த அம்மா, தண்டலம் பக்கத்து ஊர்க்காரர், தன் சர்க்கரை வியாதியின் முழு வரலாற்றையும் அதற்குள் இவரிடம் சொல்லி முடித்திருந்தார். என்ன மாத்திரை, எந்த வேளை, எதை மட்டும் சாப்பிடாமல் ஜாக்கெட்டுக்குள் ஒளித்துவைத்து மருமகளை ஏமாற்றுகிறார் என்பது உட்பட. நான் டாக்டரின் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். பை போனதும் அவரும் பின்னாலேயே எழுந்து வந்தார். கோட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பத்துப் பேரைத் தட்டுத்தடுமாறிப் பார்த்து முடித்தார். பதினோராவது டோக்கனாக அந்த அம்மா உள்ளே வந்தார். கோட்டைப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்தார், எதுவும் அவரைப் பாதிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

“இன்னாம்மா, எனுக்கு அப்பால வந்து குந்துன நீ, எனுக்கு முன்னாடி உள்ள பூந்துட்டியே?”

எந்த ஓ.டி.?

டாக்டர் பிரகாஷ் கோயம்புத்தூர்க்காரர். வண்டலூர் போகும் சாலையில் பைக்கோடு விழுந்து, வலது மணிக்கட்டில் பிளேட் வைத்து, பத்து மாதம் கழித்து வந்தார். வந்த அன்றே கேஷுவல்டியில் ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், இங்கே ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை. உலைக்குப் பக்கத்தில் நின்று நின்று உடம்பில் தண்ணீர் வற்றி மயங்கி விழுந்திருந்தான். என்னப்பா செய்தாய் என்று கேட்டதற்கு, “ரெண்டு நாளா ஓ.டி. சார்” என்றான். பிரகாஷ் பதறிப்போய் அவன் சட்டையைத் தூக்கி, வயிற்றில் எங்கே தையல் என்று தேட ஆரம்பித்துவிட்டார். இந்தப் பக்கத்தில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் இல்லை, ஓவர்டைம் என்று நான் காதோரம் சொன்னேன். பத்து மாதத்துக்கு முன் அவருக்கே தெரிந்ததுதான். மனிதர் முகம் சுருங்கிவிட்டது.

அந்தக் கூச்சத்தோடு ட்ரிப்ஸ் ஏற்ற ஊசி எடுத்தார். முதல் தடவை நரம்பு நழுவியது. இரண்டாவது ஊசியைப் பிரிக்க அவர் மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை என்பது எனக்கும் தெரிந்தது, படுத்திருந்தவனுக்கும் தெரிந்தது. என் கை தானாக நீண்டுவிட்டது. வாங்கிக் குத்தினால் அரை நிமிஷ வேலை. ஆனால் பிரகாஷ் என்னைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். கை உடைந்து பத்து மாதம் லீவில் இருந்ததையும், இன்றுதான் முதல் நாள் என்பதையும் சொல்லி, வேண்டுமானால் சிஸ்டரைப் போடச் சொல்கிறேன் என்றார். பையன் அடுத்த கையை நீட்டினான்:

“எங்க லைன்லயும் லீவு முடிஞ்சு வாரவன மொத நாளு பேக்கிங்லதான் நிப்பாட்டுவாவ சார். நான் எங்கயும் ஓடிற மாட்டேன், நீங்க மெதுவா குத்துங்க.”

பழுது

நிவேதா வேலையில் தேறிவிட்டார். ஆனால் பதினோரு மணி ஆனால் முகம் வெளுக்கும். குழந்தைக்குப் பால் கொடுக்கிற உடம்பு. நேரம் தவறினால் பால் கட்டிக்கொண்டு வலி உயிர் போகும். பால் எடுத்து வைக்க ஒரு மறைவான இடம் வேண்டும். டாக்டர்கள் அறையில் ஆண்களும் இருப்பார்கள். ஆயிரம் படுக்கைகளுக்கு இடம் கண்டவர்கள் இதற்கு ஒரு நாற்காலி போட இடம் காணவில்லை. வார்டுக் கோடியில் பெட்ஷீட் அடுக்கும் லினன் ரூம் இருந்தது. அதில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மருந்து அட்டைப் பெட்டியைக் கிழித்து, ‘பழுது, உள்ளே வராதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் தொங்கவிட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாவது நாள் மெயின்டனன்ஸ் தாஸ் அண்ணன் வந்து நின்றார், தோளில் டூல்ஸ் பையோடு. உள்ளூர்க்காரர், வேலையில் ரொம்பக் கறார். பழுது என்று ஒரு கதவில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு அவரால் தாண்டிப் போக முடியாது. நான் குறுக்கே நின்றுகொண்டு, அது தானாகச் சரியாகிவிடும் என்றேன். எவ்வளவு நேரத்தில் என்றார். இருபது நிமிஷத்தில் என்றேன். அவர் அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டார். கதவு திறந்து, நிவேதா ஒரு சின்னப் பையோடு வெளியே வந்து, எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போனார். தாஸ் அண்ணன் அந்தப் பையைப் பார்த்தார், உள்ளே ஸ்டூலைப் பார்த்தார். தன் டூல்ஸ் பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினார். நாலு தடவை போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தார். போகும்போதுதான் சொன்னார்:

“தாப்பா ரிப்பேருன்னு எழுதி இருந்தா மொத நாளே வந்திருப்பேனே சிஸ்டர். இத்தினி நாளா அந்தப் பொண்ணு கதவ ஒரு கைல புட்ச்சிகினா இருந்துச்சி?”

மார்க்கெட்டில் இருந்து வந்த உத்தரவு

ரெண்டு வாரம் முடிந்து பிரகாஷை மூன்றாம் மாடிப் பெண்கள் வார்டுக்கு அனுப்பினோம். அவர் போனார், போன் வந்தது. என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு என்று எல்லாவற்றையும் அவரே சரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் “சரிதானே சிஸ்டர்?” என்பார். நான் “ம்” என்றால்தான் போனை வைப்பார். கண்டிக்கலாம் என்று நினைப்பேன். சரியாகச் சொல்கிறவரை எதற்குக் கண்டிப்பது என்று விட்டுவிடுவேன். அப்படித்தான் நாம் கெடுப்பது.

எனக்கு வார விடுமுறை அன்று ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டில் பப்பாளி வாங்கிக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன். டைபாய்டு சரியாகிவிட்ட ஒரு அம்மாவை இன்று வீட்டுக்கு அனுப்பலாமா என்று பிரகாஷ் கேட்டிருக்கிறார். நான் பழக்காரரிடம், “வேணாம், இன்னும் ஒரு நாள் போகட்டும், இப்ப கசக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் ஹாரன் சத்தத்தில் அவருக்கு ‘கசக்கும்’ மட்டும் கேட்கவில்லை. அந்த அம்மா, துணிமணி எல்லாம் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு இன்னொரு நாள் படுத்திருந்தார். மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் ஏன் அனுப்பவில்லை என்று கேட்க, பிரகாஷ் உண்மையைச் சொல்ல, என்னை மேலே கூப்பிட்டார்கள். அன்றோடு போன் நின்றது. எனக்கு மறக்காமல் இருப்பது சீஃப் திட்டியது இல்லை, கட்டிலில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டதுதான்:

“நான் வூட்டுக்குப் போறதுல உனுக்கு இன்னாம்மா கஷ்டம்? உன்ன நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

போய் ஒரு காபி சாப்பிடுங்கள்

டாக்டர் அருள் ஒரு வருஷம் லீவில் இருந்தது மனசு சரியில்லாமல். சிகிச்சை எடுத்துக்கொண்டு, குணமாகி, சான்றிதழோடு வந்தார். எல்லோருக்கும் விஷயம் தெரியும். அதனால் எல்லோரும் அவரிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நானும்தான். கஷ்டமான கேஸ் வந்தால் அவர் பெயரைத் தள்ளி வேறு பெயரைப் போட்டேன். கேஷுவல்டியில் அவருக்கு நான் ஒதுக்கியது, சும்மா கவனிப்பில் வைத்திருக்கிற நோயாளிகளுக்கு பி.பி. பார்க்கிற வேலை. அதை நான் அக்கறை என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு ஒரு கம்பெனி பஸ் டிரைவர் நெஞ்செரிச்சல் என்று வந்தார். நாற்பத்தைந்து வயது. ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. டியூட்டி டாக்டர் ஓடுகிற ஓட்டத்தில் கேஸ் டிரபிள் என்று மருந்து கொடுத்து, ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடலாம் என்றார். பி.பி. பார்க்கப் போன அருள் அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பஸ் படியேறினால் எரிகிறது, உட்கார்ந்தால் நிற்கிறது, ரெண்டு நாளாகப் பல் வலி மாதிரி தாடையில் ஒரு வலி என்று டிரைவர் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, என்னிடம் வந்து இன்னொரு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்றார். அவர் முகம் வேர்த்திருந்தது. எனக்கு டிரைவரைப் பற்றிக் கவலை வரவில்லை, அருளைப் பற்றித்தான் வந்தது. நீங்கள் டென்ஷன் ஆகாதீர்கள் டாக்டர், போய் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.

அவர் வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “சிஸ்டர், எனக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. இப்ப சரியாயிடுச்சு. அந்த மெஷினைக் கொண்டு வாங்க.” கொண்டு போனேன். காகிதம் வெளியே வர வர, வாசிக்கத் தெரிந்த யாருக்கும் மாரடைப்பு என்பதில் சந்தேகம் வராத மாதிரி கோடு மேலே ஏறியிருந்தது. அரை மணி நேரத்துக்குள் டிரைவர் மேல்மாடியில் இதய அடைப்பை நீக்கும் மேஜையில் இருந்தார். நான் லினன் ரூமுக்குப் போய், புதுத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலமே அருளின் பெயரை எல்லா கேஸுக்கும் எழுதினேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். பரவாயில்லை சிஸ்டர் என்றார், சாதாரணக் குரலில். நானும் சாதாரணக் குரலிலேயே பேச ஆரம்பித்தேன்.

நாலு நாள் கழித்து டிரைவர் வீட்டுக்குப் போகும்போது அருளைத் தேடினார். அருள் ஒரே சமயத்தில் மூன்று பேரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வர முடியவில்லை. டிரைவர் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

“அன்னிக்கி அவுரு அம்மாம் நேரம் குந்திகினு கதை கேட்டாரா, இவுருக்கு யாரும் வேலையே குடுக்கல போலன்னு நெனச்சிகினேன் சிஸ்டர்.”

திரும்பி வரும் டாக்டர்களுக்குத் துணையாக இருக்கச் சொல்லி எனக்கு சர்க்குலர் போட்டவர்கள், என் துணையிலிருந்து அவர்களைக் காப்பாற்றவும் ஒரு ஆளைப் போட்டிருக்கலாம்.