அப்பாவுக்கு இரண்டு வாய்

எங்கள் பக்கத்தில் விருந்தாளி தனியாகக் காப்பி குடிக்க மாட்டார். வீட்டுக்காரரும் கூட உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்தால்தான் தன்னுடையதைக் கையில் எடுப்பார். இல்லாவிட்டால், ‘இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தேன்’ என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். சூலூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, இந்த மரியாதைக்காகவே நாள் முழுக்கக் காப்பி குடித்தவர்.

நான் நாலாம் வகுப்பு படிக்கையில் அவருக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் பழுது என்றார் ஆர்.எஸ்.புரத்து டாக்டர். காப்பி, பழச்சாறு, இளநீர் எதுவும் கூடாது. குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. எனக்குச் சொல்லப்பட்டது காப்பி ஆகாது என்பது மட்டும்தான். அப்பாவுக்கோ, நோயைவிட வந்தவர்கள் முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதுதான் பெரிய அவமானமாக இருந்தது. கேட் சத்தம் கேட்டாலே உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்.

அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சுக்கைத் தட்டி, ஒரு ஏலக்காயோடு கொதிக்கவிட்டு, வடிகட்டி, வெள்ளைச் சர்க்கரை கொஞ்சம் போட்டாள். காப்பித்தூள் இல்லை, பால் இல்லை, கருப்பட்டியும் இல்லை. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கினேன். ஆனால் குடித்தால் தொண்டையிலிருந்து வயிறு வரை இதமாக இறங்கியது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அதுதான், வருகிறவர்களுக்கும் அதுதான்.

அவிநாசியிலிருந்து அம்மாவின் அண்ணன் அப்பாவைப் பார்க்க வந்தார். கையில் தோட்டத்து இளநீர் ஒரு குலை. வாசலிலேயே ஒன்றைச் சீவி நீட்டினார். மச்சான் நீட்டியதை மறுத்துப் பழக்கமில்லாத அப்பாவின் கை பாதி தூரம் போய்விட்டது.

“அண்ணா, எளநி அவருக்கு ஆகாதுங்க. டாக்டர் கண்டிசனாச் சொல்லிப்போட்டாரு” என்றாள் அம்மா.

மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. “மாப்பிள்ளை ஒண்ணும் குடிக்காம நான் மட்டும் எப்படி அம்மணி குடிக்கறது? நான் வாரேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

“செத்த உக்காருங்கண்ணா” என்று அம்மா சமையலறைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். மாமாவின் எவர்சில்வர் டம்ளரில் சுக்குத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினாள். அப்பாவின் டம்ளரில் அடி மட்டும் நனைந்தது. இருந்தால் இரண்டு வாய் இருக்கும்.

அந்த இரண்டு வாயை, மாமா குடித்து முடிக்கும்வரை அப்பா குடித்தார். ஊதினார், உறிஞ்சினார், மழையைப் பற்றிப் பேசினார், மறுபடியும் ஊதினார். மாமா சமாதானமாகி இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினார். அப்பாவின் முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

எனக்குத்தான் ஆறவில்லை. மாமா போனதும் அம்மாவைக் கேட்டேன். “அப்பாவுக்கு அவ்வளவுதான் சாமி” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். தன் அண்ணனுக்கு மட்டும் தாராளம் என்று அவள்மேல் எனக்குக் கோபமான கோபம்.

என் பங்கு டம்ளரை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். “அம்மா பாக்கறதுக்குள்ள குடிச்சுப்போடுங்கப்பா.”

அப்பா வாங்கி ஊதினார். உதட்டில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் வைத்திருந்தார். “வவுறு நெறஞ்சுபோச்சு கண்ணு, மிச்சத்தை நீ குடி” என்று திருப்பித் தந்தார்.

அம்மாவை ஏமாற்றி அப்பாவின் தாகத்தைத் தீர்த்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. டம்ளர் தளும்பித் தளும்பி என் பாவாடையில் சிந்தியது. அதைத் துடைத்துக்கொண்டே சந்தோஷமாக விளையாடப் போனேன்.