ஒரே சட்டியில் கெட்டுப்போன ஆய்வு

ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுத்தால் பிள்ளைகள் தேறுகிறார்களா என்று பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. குலுக்கல் போட்டுச் சில வீடுகளுக்குக் காசு. அதே ஊரில், அதே வறுமையில் இருந்த வேறு சில வீடுகளுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதவர்களுக்கு ‘ஒப்பீட்டுக் குடும்பம்’ என்று மரியாதையான ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் தராசில் நிறுத்து வித்தியாசம் கண்டுபிடிப்பது என் உத்தியோகம்.

மயிலிட்டியில் எனக்கு வாய்த்தவர்கள் இரண்டு மச்சாள்மார். புருஷன்மார் ஒரே வள்ளத்தில் மீன்பிடிக் கூலிக்குப் போகிறவர்கள். அடுத்தடுத்த வீடுகள், நடுவே தகரவேலி, அதில் ஆள் நுழைந்து போய்வருமளவு ஒரு பொட்டு. குலுக்கலில் மூத்தவளுக்குக் காசு விழுந்தது. இளையவளுக்கு நான் விழுந்தேன்.

நேற்றுப் பிள்ளைகள் முட்டை சாப்பிட்டார்களா, பழம் சாப்பிட்டார்களா, கவலையால் உங்களுக்கு நித்திரை கெடுகிறதா என்று கேட்டு முடிக்கையில் வெயில் உச்சிக்கு வந்துவிடும். கடைசியில் நன்றிக்கடனாக ஒரு சவர்க்காரக் கட்டியை நீட்டுவேன்.

“அவவுக்குக் காசு, எனக்குச் சவுக்காரமோ?” என்று ஒருநாள் இளையவள் கேட்டாள்.

“அது குலுக்கல், அக்கா.”

“அப்ப காசில்லாமல் நாங்கள் எப்பிடி வாடுறம் எண்டு பாக்கத்தான் வாறியோ பிள்ளை?”

ஓம் என்பதுதான் சரியான பதில். ஆனால், “உங்கடை பங்களிப்பு முக்கியம்” என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்ததையே சொன்னேன்.

சிக்கல் தராசில் வந்தது. காசு வாங்கிய வீட்டுப் பிள்ளைகளும் வாங்காத வீட்டுப் பிள்ளைகளும் ஒரேயளவு தேறியிருந்தார்கள். நான் தராசைப் பிழையாகப் பிடித்திருப்பேன் என்று கொழும்பிலிருந்து தலைமை ஆய்வாளரே புறப்பட்டு வந்தார். மத்தியானம். மூத்தவளின் குசினி வாசலில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக இருந்து மீன்குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்தார்கள்.

“இதில உங்கட பிள்ளைகள் யார்?” என்று கேட்டார்.

“எல்லாம் எங்கடைதான். காசு வந்தாப் பிறகு ஒரு சட்டியிலைதான் சமைக்கிறம்” என்றாள் மூத்தவள்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தரவு கெட்டுப்போச்சு என்று என்னிடம் முணுமுணுத்தார். பிறகு மிகப் பணிவாகக் கேட்டார்: “அம்மா, ஆய்வு முடியும் மட்டும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்காம இருக்க ஏலுமா?”

மூத்தவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேலிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“மச்சாள், உன்ரை பிள்ளையளைப் பட்டினி போடட்டாம்! படிச்ச ஐயா வந்து சொல்லுறார்!”

வேலிக்கு அப்பால் இளையவள் சிரித்த சிரிப்பில் காகங்கள் எழும்பிப் பறந்தன. மூத்தவள் அவருக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டு நீட்டினாள். மறுக்கப் பார்த்தார், முடியவில்லை. குழம்பு இரண்டாம் தரமும் வாங்கினார்.

சில மாதங்களில் யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றில் அறிக்கை வெளியானது. காசு கொடுத்ததால் கரையோர ஊர்களில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று அதில் இருந்தது. ஏன் இல்லை என்று எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. மத்தியானச் சாப்பாடு மட்டும் திறம்; ஆய்வாளர் அங்கேயும் இரண்டாம் தரம் வாங்கினார். காசு நின்றுவிட்டது.

அதைச் சொல்லப் போனவள் நான்தான். இருவரும் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டுவிட்டு மூத்தவள் அடுத்த மீனை எடுத்துச் செதில் சீவினாள்.

“அப்ப உன்ரை வேலை?” என்றாள் இளையவள்.

“அதுவும் முடிஞ்சுது, அக்கா.”

“நீயும் இனி எங்கடை பக்கந்தான் எண்டு சொல்லு” என்று சொல்லிவிட்டு, கத்தியையும் ஒரு மீனையும் என் பக்கம் நீட்டினாள்.