பக்கத்து வீட்டுப் புதினா

ராமநாதபுரத்தில் எங்கள் தெருவில் போர் தண்ணீர் அத்தனை உப்பு. தொட்டியில் நான் வைத்த புதினா மூன்று முறை கருகிப்போனது. பக்கத்து வீட்டு ஜொகரா அக்காவோ மண்ணே இல்லாமல், தண்ணீர் டப்பாக்களில் புதினாவும் வல்லாரையும் வளர்த்தார். "அவுக வீட்டுப் புதினா வாசமே தனி" என்று என் கணவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மகளின் பிரசவத்துக்காக மதுரைக்குக் கிளம்பிய அக்கா, சாவியை என்னிடம் தந்தார். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா வண்டியில வர்ற நல்ல தண்ணிய மாத்தி, இந்த உரத்துல ஒரு மூடி ஊத்தும்மா. உப்புத் தண்ணி மட்டும் ஆகாது."

முதல் வாரம் ஒழுங்காகத்தான் செய்தேன். என் கையாலேயே அவை தளதளவென்று வளர்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு நாள் தெரிந்தே போர் தண்ணீரை ஊற்றினேன். நான்காம் நாள் இலைகள் ஓரம் கருகித் தலை சாய்ந்தன.

திரும்பி வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணி வண்டி வரலையோ? பாவம், நீ என்ன செய்வ?" என்றார். அவர் திட்டியிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"வண்டி வந்துச்சுக்கா. நாந்தான் வேணும்னே உப்புத் தண்ணிய ஊத்துனேன்" என்று அழுதுவிட்டேன்.

அவர் ஒரு செடியைத் தூக்கிப் பார்த்து, "வேரு இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு, பொழைச்சுக்கும். அந்தக் கொடத்த எடுத்துட்டு வா" என்றார். இருவரும் சேர்ந்து தண்ணீரை மாற்றினோம்.

புதினா மறுபடி துளிர்த்தது. அதன் மேல் எனக்கிருந்த பொறாமை போய்விட்டது. அக்காவின் அந்த மனசின் மேல் வந்த பொறாமைதான் இன்னும் போகவில்லை.