இடப்பக்கமே திரும்பும் வண்டி

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை 6.50. டெக்சஸ் மாநிலம் பேர்லேண்டில் என் மகள் வீட்டு வாசலில் நின்று, டிரெய்லர் மேல் ஏற்றிக் கட்டியிருந்த ஒரு காரைச் சுற்றி வந்து பார்த்தேன். ஹெட்லைட் இல்லை. ஹாரன் இல்லை. இன்டிகேட்டர் இல்லை. கதவுகளை வெல்டு வைத்து அடைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாக நுழைய வேண்டுமாம். போதாக்குறைக்கு வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. முப்பத்திரண்டு வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து, கடைசியாகக் கோபிச்செட்டிபாளையத்தில் ஓய்வு பெற்றவன் நான். இந்த வண்டி எஃப்.சி.க்கு என் முன்னால் வந்திருந்தால், கொண்டு வந்தவரை பஸ் பிடித்து வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

கதவில் பெரிதாக 36 என்று எழுதியிருந்தது. டி.என். 36 என்பது கோபி வட்டார வண்டிகளின் எண். அதை யார் தேர்ந்தெடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது, மனதுக்கு இதமாகவும் இருந்தது.

இந்தக் காரை ஓட்டப்போகிறவள் என் மகள் நித்யா. முப்பத்தாறு வயது, வாரநாட்களில் பல் டாக்டர். மெக்கானிக் என் மாப்பிள்ளை பிரபு, எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர். அவர்களுடைய சென்னை நண்பர் செந்தில் மற்ற எல்லா வேலைக்கும். இந்த மூன்று பேரும் சேர்ந்ததுதான் அணி. மூன்றாவது சீசனின் கடைசிப் பந்தயம் இன்று. மூன்று சீசனில் ஒருமுறைகூட முதன்மைப் பந்தயத்தைக் கடைசிச் சுற்று வரை ஓட்டி முடித்ததில்லை. இன்றும் முடிக்காவிட்டால் காரை விற்றுவிடுவது என்று அவர்களே பேசி வைத்திருந்தார்கள். ரோசன்பர்க்கில் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

என் மனைவி சரஸ்வதி வரவில்லை. பந்தயத்தில் கார் எந்தப் பக்கம் சுற்றும் என்று முந்தைய நாள் நித்யாவிடம் கேட்டிருந்தாள். இடப்பக்கம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"சாமியைக்கூட வலமாத்தான் சுத்துவோம். இதென்ன கண்ணு, இடமாச் சுத்தறது? எத்தன சுத்து?"

"இருவத்தஞ்சும்மா."

"அப்ப நான் இங்க பேர்லேண்ட் மீனாட்சி கோயில்ல இருவத்தஞ்சு சுத்து வலமாச் சுத்தீர்றேன். சரியாப் போயிரும்."

காலை 7.10. புறப்பட்டோம். பிரபு ஓட்ட, நான் அவர் பக்கத்தில். நித்யாவும் செந்திலும் பின் சீட்டில். மொத்தம் 94 மைல். 288ஆம் சாலை, பிறகு பெல்ட்வே என்ற சுற்றுச்சாலை, பிறகு 59ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே ரோசன்பர்க், வார்ட்டன், எல் கேம்போ வழியாகப் போக வேண்டும். வார்ட்டன் தாண்டியதும் இருபுறமும் நெல் அறுத்த வயல். ஒரு வரப்புகூடக் கண்ணில் படவில்லை. நம் பக்கத்தில் இத்தனை நிலம் இருந்தால் இதற்குள் நாற்பது பங்காளிகள் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள்.

அணியின் வரலாற்றை செந்தில் சொன்னார்.

"ஃபர்ஸ்ட் சீசன் ஒன்பது ரேஸ் அங்கிள். ஒண்ணுகூட ஃபினிஷ் பண்ணல. கார் திரும்பவே மாட்டேன்னுச்சு. செகண்ட் சீசன் நல்லா திரும்புச்சு, இன்ஜின் பூட்ச்சு. இந்த சீசன் எல்லாம் ஓகே, ஆனா மெயின் ரேஸ் வந்தா எவனாவது வந்து இடிச்சிடறான்."

"நித்யா யாரையும் இடிக்கறதில்லையா?"

"அது வேற கணக்கு அங்கிள்."

பின்னாலிருந்து நித்யா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு பழைய குறுகுறுப்பு உண்டு. பத்தொன்பது வயதில் அவள் லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்தாள். அன்று வேறு ஆய்வாளர் இல்லை. நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. இடப்பக்கம் திரும்பும்போது இன்டிகேட்டர் போடவில்லை. ஃபெயில் போட்டேன். இரண்டாம் முறையும் அதே இடம், அதே தப்பு, மறுபடி ஃபெயில். வேறு பிள்ளையாக இருந்தால் முதல் தடவையே ஒரு எச்சரிக்கையோடு விட்டிருப்பேன். மகளுக்குச் சலுகை காட்டினான் என்று ஊர் பேசுமே என்ற பயம் எனக்கு. அதன் பிறகு அவள் கோபியில் டெஸ்டுக்கு வரவே இல்லை. கல்யாணமாகி இங்கே வந்து முதல் தடவையிலேயே பாஸானாள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

காலை 8.30. எல் கேம்போவுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். காபி இரண்டு டாலர் நாற்பத்தொன்பது காசு. குளிருக்குக் கையில் பிடித்துக்கொள்ள உதவியது, குடிக்க உதவவில்லை. மூவரும் உள்ளே போயிருந்தார்கள். நான் டிரெய்லரை ஒரு சுற்று சுற்றினேன். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் டயர் அழுத்தம் பார்க்கும் மானி ஒன்று என் சட்டைப் பையில் பேனா மாதிரி இருக்கும்; சும்மா இருக்காத கை. காரின் வலப்பக்கம் இரண்டு டயரிலும் இருபத்தெட்டு பவுண்டு. இடப்பக்கம் இரண்டிலும் பதினெட்டு.

பத்து பவுண்டு குறைகிறது! வண்டி சாய்ந்து நின்ற காரணம் இதுதான் என்று தீர்மானித்துக்கொண்டேன். மாப்பிள்ளையைப் பற்றி மனதுக்குள் இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டேன். பக்கத்திலேயே காற்றடிக்கும் இயந்திரம் இருந்தது. காற்றுக்கு ஒன்றரை டாலர்! நம் ஊர் பங்கில் காற்றுக்குக் காசு கேட்டால் கைகலப்பாகிவிடும். ஆறு கால் டாலர் நாணயங்களைப் போட்டு, இடப்பக்க டயர்கள் இரண்டையும் இருபத்தெட்டுக்கு ஏற்றி, மூடியைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்டேன். சொல்லிக்காட்ட வேண்டாம், மாப்பிள்ளை மனம் நோகும் என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்.

காலை 10.20. வழியில் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் நாற்பது நிமிடம் தாமதம். பந்தயக் கார்கள் நிற்கும் இடம் வரை உள்ளே போக ஆளுக்கு நாற்பது டாலர். வெறுமனே கேலரியில் உட்கார்ந்து பார்ப்பதென்றால் பதினைந்து. பந்தயத் தடம் நீள்வட்டமாக, நான்கு திருப்பங்களோடு, தார் போட்டு, வெளிப்பக்கம் சிமெண்டுச் சுவரோடு இருந்தது. சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய அறுநூறு மீட்டர். சுற்றிலும் வெற்று வயல்; அதன் நடுவே அறுபது எழுபது லாரிகளும் டிரெய்லர்களும், அடுப்புப் புகையும் இறைச்சி வாசனையும். எங்கள் பெட்டியில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்.

அங்கேயும் ஓர் ஆய்வாளர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பெல்டை இழுத்துப் பார்த்தார், எடை போட்டார், தீயணைப்பான் தேதியைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. எங்கள் தொழிலுக்கே உரிய முகம். நானும் இதே வேலைதான் செய்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கையைக் குலுக்கிவிட்டு, "லஞ்சமாக பிஸ்கட் கொடுத்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டார். வாங்கமாட்டேன் என்றேன். "நான் வாங்குவேன்" என்று தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். ஆனால் எங்கள் கார் டயரில் அவர் கை வைக்கவே இல்லை. பிரபு விடிகாலையில் வீட்டிலேயே அளந்து வைத்ததால், தாமதமாகிவிட்ட அவசரத்தில் அவரும் மறுபடி பார்க்கவில்லை.

மதியம் 1.15. முதலில் தகுதிச் சுற்று. எட்டு கார், எட்டு சுற்று. நித்யா ஹெல்மெட் போட்டு, ஜன்னல் வழியாகக் காலை விட்டு, உள்ளே வழுக்கி இறங்கினாள். பச்சைக் கொடி அசைந்ததும் எழுந்த சத்தம் என் பல்லில் அதிர்ந்தது. முதல் திருப்பத்தில் எல்லாக் காரும் இடப்பக்கம் திரும்பின. எங்கள் கார் மட்டும் நேராகப் போகப் பார்த்தது. அவள் ஸ்டீயரிங்கை ஒடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது, கார் கேட்கவில்லை. இரண்டாம் சுற்றும் அப்படியே. மூன்றாம் சுற்றில் வலது மூக்கை சுவரில் இழுத்துக்கொண்டே போய் நின்றது. ஒரு நீண்ட வினாடி அசைவில்லை. பிறகு ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து ஆடியது. நல்லாத்தான் இருக்கிறாள்.

காரை இழுத்து வந்து நிறுத்தினார்கள். வலப்பக்க ஸ்டீயரிங் ராடு வளைந்திருந்தது. பிரபு அடியில் படுத்து எழுந்து, மறுபடி படுத்து, தலையைச் சொறிந்தார்.

"ராடு சுவத்துல பட்டு வளைஞ்சது. ஆனா அதுக்கு முன்னாடியே திரும்பலியே, ஏன்? ஃபர்ஸ்ட் சீசன் வியாதி திரும்ப வந்துருச்சு."

"அதென்ன வியாதி மாப்பிள்ளை?"

"அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாமா. நாலு சக்கரமும் ஒரே மாதிரி, அலைன்மென்ட் அச்சா நேரா வெச்சேன். இங்க அப்படி வெச்சா கார் திரும்பாதுங்க. லெஃப்ட்லயே சுத்தற கார் இல்லீங்களா, லெஃப்ட் டயர்ல காத்து கம்மியா வெக்கணும். அப்பத்தான் அந்தப் பக்கம் சாஞ்சு தானாத் திரும்பும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் பந்தயம். அதற்குள் எதனால் என்று கண்டுபிடிக்காவிட்டால் கார் நாளைக்கு ரோசன்பர்க் போய்விடும். மகளுக்கு ஃபெயில் போடும்போது இரண்டு தடவையும் நான் தயங்கவில்லை. இப்போது தயங்கினேன்.

"மாப்பிள்ளை, டயர்ல காத்து அடிச்சது நான்தான்."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். பங்கு, மானி, ஆறு நாணயம், எல்லாவற்றையும் வாக்குமூலம் மாதிரி சொல்லி முடித்தேன்.

பிரபு வளைந்த ராடைக் கழற்றக் குனிந்தார். மாமனாரை என்ன சொல்ல முடியும்? நித்யாதான் பேசினாள்.

"என்னக் கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டிருக்கணும் கண்ணு. தப்புத்தான்."

அப்பா தப்பு என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். என் சட்டைப் பையிலிருந்த மானியை உருவி என் கையில் கொடுத்தாள்.

"சரி, நீங்களே எறக்குங்க. பதினெட்டு. கரெக்டா இருக்கோணும்."

இறக்கினேன். இத்தனை வருட சர்வீசில் இவ்வளவு கவனமாக ஒரு டயரைப் பார்த்ததில்லை. ராடுக்கு மாற்று எங்களிடம் இல்லை. தகுதிச் சுற்றில் நித்யாவை முந்திக்கொண்டு போன பக்கத்துக் கூடாரத்துக்காரர், கேட்பதற்கு முன்பே தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, திருப்பித் தருவதாக இருந்தால் நேராகத் தாருங்கள் என்றார். அவருக்கு ஒரு கிண்ணம் எலுமிச்சை சாதம் கொடுத்தோம். காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கிண்ணம் கேட்டார்.

மாலை 3.40. முதன்மைப் பந்தயம். பதினேழு கார், இருபத்தைந்து சுற்று. தகுதிச் சுற்றை முடிக்காததால் நித்யாவுக்குக் கடைசி இடம். முதல் திருப்பத்தில் 36ஆம் எண் கார் இடப்பக்கம் சாய்ந்து, எண்ணெய் போட்ட கதவு போலத் திரும்பியது. பிரபு ஒரு பெருமூச்சு விட்டார். சரஸ்வதி போனில் கூப்பிட்டாள்.

"எத்தனாவது சுத்து?"

"ஆறு."

"நான் ஒம்பது. மெதுவாப் போகச் சொல்லுங்க."

ஒன்பதாம் சுற்றில் முன்னால் மூன்று கார்கள் மோதிச் சுழன்றன. நித்யா உள்பக்கமாகப் புல்லில் இறங்கி, தப்பி, ஏறினாள். அதில் ஒரு சுற்று போயிற்று. பதினாறில் இஞ்சின் சூடேறி, வேகத்தைக் குறைத்தாள். இன்னொரு சுற்றும் போயிற்று. பிரபு பார்க்க மாட்டாமல் திரும்பி நின்றுகொண்டார். செந்தில் சுற்றை எண்ணினார், நான் திருப்பத்தை எண்ணினேன். வழக்கம் விடவில்லை.

முதல் கார் இருபத்தைந்தை முடித்து, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி இறங்கியபோது 36ஆம் எண் கார் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஓடிக்கொண்டிருந்தாலே பந்தயத்தை முடித்ததாகக் கணக்கு. ஆறு கார் வெளியேறியிருந்தன. ஓடிய பதினொன்றில் பதினொன்றாவது, இரண்டு சுற்று பின்தங்கி. செந்தில் பிரபுவைத் தூக்கிச் சுற்றினார், அதுவும் இடப்பக்கமாகவே. நான் அழுதேன். அதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

மாலை 4.50. கிளம்பினோம். மேற்கே வெயில் சாய்ந்து வயலெல்லாம் செம்மண் நிறமாகியிருந்தது. அடுத்த வியாழக்கிழமை எனக்கு ஊருக்கு விமானம். கோபியில் மைதானத்தில் எட்டுப் போடுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். அங்கே வண்டி நேராக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்போம். எந்தத் தடத்தில் ஓடப்போகிற வண்டி என்று கேட்பதில்லை. நான் கேட்டதில்லை.

ரோசன்பர்க் வந்தது. பிரபு வேகத்தைக் குறைக்கவில்லை. யாரும் அந்த ஊர் பெயரைச் சொல்லவுமில்லை.

"அம்மா இருவத்தஞ்சும் சுத்தி முடிச்சுட்டாளாம்" என்றேன். "நீ ரெண்டு பாக்கி."

நித்யா பின் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, என் தோள் மேல் முகவாயை வைத்தாள். ஹெல்மெட் அழுத்திய தடம் நெற்றியில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"அப்பா, இப்பவாச்சும் பாஸா?"

பதினேழு வருடம் கழித்துக் கேட்கிறாள்.

"இருவத்தி மூணு சுத்து. சுத்துக்கு நாலு திருப்பம். தொண்ணூத்தி ரெண்டு தடவ லெஃப்ட்ல திரும்புன. ஒரு தடவகூட இன்டிகேட்டர் போடல."

"அந்தக் கார்ல இன்டிகேட்டரே இல்லப்பா!"

"பாத்தேன் கண்ணு" என்றேன். "பாஸ்."