பட்டி பூசிய பட்டடை

கிளிஃபர்ட் ஓல்ட்ராய்டும் நானும் பத்தொன்பது வருடம் ஒரே வண்டியில் போய் சாக்கடை அடைப்பு எடுத்தவர்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், டியூஸ்பரி சுற்றுவட்டாரத்தில் மீன் வறுவல் கடைகளுக்குப் பின்னால், குழாயில் கல்லாக உறைந்து கிடக்கும் கொழுப்பை மண்வெட்டியால் வெட்டி எடுத்திருக்கிறோம். அதன் நாற்றம் மூன்று குளியலுக்கும் போகாது. கிளிஃபர்ட் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கையைக் கழுவிவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்து பன்றி இறைச்சி சாண்ட்விச்சைத் தின்பான். அப்படிப்பட்டவனை ஒரு பட்டடை குமட்ட வைத்தது.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவன் மனைவி லொரெய்ன் இரும்படிக்கும் கொல்லுவேலையில் ஒருநாள் வகுப்புக்குப் பணம் கட்டிக் கொடுத்தாள். போய்விட்டு ஒரு கோணல் கொக்கியோடு வந்தான். அன்றிலிருந்து பித்து. கொல்லைப்புற நிலக்கரிக் கொட்டகையைக் காலிசெய்து, லாரி பிரேக் டிரம்மை உலையாக்கி, லொரெய்னின் தலைமுடி உலர்த்தியைத் துருத்தியாக்கினான். சுத்தியலும் குறடும் பழைய சாமான் சந்தைகளில் எளிதாகக் கிடைத்தன. காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கப் பட்டடைதான் கிடைக்கவில்லை. அதுவரை ஒரு தண்டவாளத் துண்டில் அடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வருடம் தேடினோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வயல்வெளியில் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பவர்களிடம் போனோம். பண்ணை ஏலங்களுக்குப் போனோம். பார்த்ததெல்லாம் வயிற்றெரிச்சல். ஹாலிஃபாக்ஸ் பக்கம் ஒரு மதுக்கடைத் தோட்டத்தில் அருமையான பட்டடைக்கு ரோஸ் பெயிண்ட் அடித்து மேலே பூந்தொட்டி வைத்திருந்தார்கள். இன்னொருவன் காஸ் கட்டரைச் சோதிக்க பட்டடையின் அடிக்கிற முகத்தையே கீறிக் கீறிப் பழகியிருந்தான். ஒரு கிழவர், தன் பட்டடையில்தான் ஏதோ பெரிய போரில் கப்பல்களுக்கு நங்கூரம் அடித்தார்கள் என்று சொல்லி, எங்கள் இரண்டு பேர் மாதச் சம்பளத்தையும் சேர்த்துக் கேட்டார். அதன் அடியில் வார்த்த வருடம் இருந்தது. எனக்கும் அதற்கும் ஒரே வயது.

கடைசியில் ஸ்கிப்டனுக்கு அப்பால் ராய்ஸ்டன் பிளென்கின் என்பவரின் கொட்டகைக்குப் போனோம். பழைய கொல்லுச் சாமான் வியாபாரி. முப்பது பட்டடைகள் கறுப்பு பெயிண்டில் மினுங்கிக்கொண்டு வரிசையாக நின்றன. கிளிஃபர்ட் சட்டைப்பையிலிருந்து பேரிங் குண்டை எடுத்தான். நல்ல எஃகு முகமாக இருந்தால் போட்ட உயரத்துக்குக் கிட்டத்தட்டத் திரும்பித் துள்ளும். பிளென்கின் ஒரு பட்டடையின் நடுவில் விரலை வைத்து, இங்கே போட்டுப் பார் என்றார். துள்ளியது. சுத்தியலால் அங்கேயே தட்டினான், சத்தம் மோசமில்லை. அவர் விரல் வைக்காத இடத்தில் தட்டிப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஒரு வருட ஆசை கண்ணை மறைத்துவிட்டது; கேட்ட பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தோம்.

மறுநாள் மத்தியானம் செஞ்சூட்டில் ஒரு கம்பியை எடுத்து அதன் விளிம்பில் வைத்தான். புஸ்ஸென்று மஞ்சள் புகை வந்தது. பிளாஸ்டிக் எரிகிற, தித்திப்பாய்த் தொண்டையில் ஒட்டுகிற நாற்றம். விளிம்பு பாகாய்க் குழைந்து கம்பியோடு வந்தது. ஒடுக்கு விழுந்த காருக்குப் பூசுகிற பட்டி. அதில் இரும்புத்தூளைக் கலந்து பூசி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. அடியில் விளிம்பு முழுவதும் உடைந்திருந்தது. கம்பி வளைக்க முன்னால் நீண்டிருக்கும் கொம்புக்குப் பக்கத்தில் குறுக்கே கைவிரல் நுழையும் வெடிப்பு. கிளிஃபர்ட் வெளியே போய் வேலியோரம் வாந்தி எடுத்தான். பத்தொன்பது வருடத்தில் முதல்முறை.

அடுத்த சனிக்கிழமை அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பப் போனோம். கொட்டகையின் பின்வாசல் திறந்திருந்தது. உள்ளே மேஜைமேல் பட்டி டப்பாவும் அதைப் பூசுகிற தகடும். ஒரு பட்டடையில் அப்போதுதான் பூசிய ஈரம். பிளென்கின் பதறவே இல்லை. முன்பக்கம் ஒரு அம்மாள் பட்டடை பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும், கையில் எங்களைப் போலவே ஒரு பேரிங் குண்டு. அவளுக்குக் கேட்காதபடி அவர் கிளிஃபர்டின் தோளில் கைபோட்டார்.

"இதப் பாருப்பா. அந்த மூலையில கித்தான் மூடி ஒண்ணு இருக்கு. அசல். வீட்டுக்குன்னு வச்சிருந்தேன். அத எடுத்துக்க, இத இங்கயே விட்டுட்டுப் போ. அந்தம்மா போறவரைக்கும் வாயத் திறக்காத, அவ்வளவுதான்."

கிளிஃபர்ட் கித்தானைத் தூக்கிப் பார்த்தான். நூறு வருடத்துப் பட்டடை, விளிம்பெல்லாம் கூர். அந்த அம்மாள் குண்டைப் போட்டாள். பிளென்கின் ஓடிப்போய் விரல் வைத்துக் காட்டினார். அவள் எங்களைப் பார்த்து, "நல்லாத்தான துள்ளுது?" என்று கேட்டாள். கிளிஃபர்ட் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அசலை வண்டியில் ஏற்ற மறுபக்கம் பிடித்ததும் நான்தான்.

வீட்டில் இறக்கித் தட்டியதும் அது பாடியது. அப்படி ஒரு ஓசை. ஆனால் கிளிஃபர்ட் இரண்டு வாரத்தில் அதன்மேல் ஒரு ஆணிகூட அடித்து முடிக்கவில்லை. உலையை மூட்டுவான், கம்பியைக் காய்ச்சுவான், ஆறவிடுவான். இங்கே நாறுகிறது என்பான். எனக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. லொரெய்னுக்கும் தெரியவில்லை. வேலையிடத்தில் அவன் சாண்ட்விச் அப்படியே குப்பைக்குப் போனது.

ஒரு காலை வண்டியில் ஏறியதும் சொன்னான்: "அந்தம்மா வேன்ல நாய்க் காப்பகம்னு எழுதியிருந்துச்சு. ஊர்ப் பேரும் இருந்துச்சு. நீ வரியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?"

அவள் பெயர் தெல்மா வாடிங்டன். முப்பது வருடம் தபால் கொண்டுபோனவள். ஓய்வு பெற்றதும் நாய்களைப் பார்த்துக்கொண்டு, தன் வேலிக்கு இரும்புக் கதவு தானே செய்யக் கிளம்பியவள். நாங்கள் போனபோது அவள் பட்டடை வாசலில் கவிழ்ந்து கிடந்தது. பட்டி உரிந்து, தொழுநோய் பிடித்தாற்போல. அவளுக்கும் தெரிந்துவிட்டிருந்தது. கிளிஃபர்ட் எதையும் மறைக்காமல் சொன்னான். அசலைக் கொண்டுவந்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். கூண்டுகளில் நாய்கள் குரைத்து ஓய்ந்தபிறகு அவள் பேசினாள்.

"அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே குனிஞ்சு கயிறு கட்டுன."

"ஆமாங்க."

"அந்த ஆளு வியாபாரி, பொய் சொல்லுவான். உன்னப் பாத்து நான் ஒண்ணு கேட்டேன் பாரு, அதுதான்யா எனக்கு ஆறல." என் பக்கம் திரும்பினாள். "நீ தலைய வேற ஆட்டுன."

அசலை இறக்கி வைக்கச் சொன்னாள். இறக்கினோம். தன் பட்டடையைக் காலால் காட்டி, இந்த அசிங்கத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றாள். டீ குடிக்கிறீர்களா என்று எந்த யார்க்‌ஷயர் வீட்டிலும் கேட்பார்கள். அவள் கதவைச் சாத்தினாள்.

கிளிஃபர்ட் அந்தப் பட்டடையை மாதாந்திரக் கொல்லுவேலைக்காரர் கூட்டத்துக்குக் கொண்டுபோய் நடுவில் வைத்தான். எல்லோரும் பார்க்க உளியால் பட்டியை உரித்தான். விற்றது யார் என்று சொன்னான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கித்தான், பூட்ஸ் கயிறு, என் தலையாட்டல் எல்லாவற்றையும் சொன்னான். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் அதற்குப்பின் எங்களோடு பேசுவதில்லை. பிளென்கின் கடையை மூடவில்லை. பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு இப்போது பக்கத்து லங்காஷயரில் விற்கிறார் என்று கேள்வி.

அதன்பின் காயலான் கடையில் ஒரு தடித்த எஃகுக் கட்டையை வாங்கினான். கொம்பில்லை, அழகில்லை, நான்கு பக்கமும் துரு. அதில்தான் இப்போது அடிக்கிறான். போன வாரம் தெல்மாவின் வீட்டுவழியாகப் போனோம். வேலியில் இரும்புக் கதவு மாட்டியிருந்தது, நன்றாகவே செய்திருந்தாள். கிளிஃபர்ட் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் வேகத்தைக் குறைக்கவில்லை.