ஒரு வார்த்தை விடாமல்

அந்த ஊரில் அவளுக்குக் குடைக்காரி என்று பெயர். சொந்தப் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையவில்லை. வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் அவள் படியிறங்கியதே கிடையாது. அதனால் வந்த புதிதிலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பதை நெருங்கும் வயதில் நமக்கும் ஒரு பட்டப்பெயர் வைக்க ஆள் இருக்கிறது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

தன் நாட்டில் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். பகல் முழுக்க நீராவியும் சோப்பு வாடையும், மலை மலையாகப் படுக்கை விரிப்புகளும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி குடும்பத்தோடு இருந்தாள். வீட்டில் யார் வெளிநாடு போனாலும் விமான நிலையம் வரை போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டிவிட்டுத் திரும்புகிற வேலை அவளுடையது. ஆஸ்பத்திரியின் ராட்சதச் சலவை இயந்திரங்களில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. இயந்திரம் செய்த ஊரின் பெயர் அதில் பொறித்திருக்கும். அந்தத் தகட்டை வருஷக்கணக்காகத் துடைத்தவளுக்கு ஒருநாள் தோன்றியது: இந்த ஊரைப் போய்ப் பார்த்தால் என்ன?

சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் மொத்தமாக எடுத்தாள்.

"இந்த வயசுல தனியா போய் அங்க என்ன பண்ணப் போறீங்க அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அதுக்குத்தான் போறேன்."

போய்ப் பார்த்தால் அந்தத் தொழிற்சாலை இடம் மாறி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கட்டடத்தில் தரைவிரிப்புக் கிடங்கு வைத்திருந்தார்கள். வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆனால் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கீழே ஒரு சைக்கிள் கடை. காலையில் ஷட்டர் ஏறும் சத்தத்தில்தான் எழுந்திருப்பாள். யாருக்கும் டிபன் கட்ட வேண்டாம், யார் துணியையும் எண்ண வேண்டாம். ஜன்னலோரமாக உட்கார்ந்து காபியைச் சூடாகவே குடித்து முடிக்கலாம். இப்படி ஒரு சுகம் உலகத்தில் இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

சைக்கிள் கடைக்காரிதான் வீட்டுக்காரியும். அகலமான உடம்பு, நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ், பெரிய குரல். நட்டும் போல்ட்டும் எண்ணவைத்தே அந்த ஊர் பாஷையைக் குடைக்காரிக்குக் கற்றுக்கொடுத்தாள். பிறகு சைக்கிளும் கற்றுக்கொடுத்தாள். பழைய சாமான்களைச் சேர்த்து ஒரு நீல சைக்கிளை உருவாக்கி, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். குடைக்காரி விழுந்தாள், எழுந்தாள், முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். ஒன்றரை மாதம் கழித்து ஆற்றுப் பாலம் வரை தனியாகப் போய்த் திரும்பியபோது கடைவாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஞாயிறு மத்தியானம் கடையின் பின்கட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவார்கள். பஸ் டிரைவர் ஒருவர் வருவார், பேச்சு குறைவு, மீசை அதிகம். ரொட்டிக் கடைக்காரர் மூட்டையாக ரொட்டி கொண்டுவருவார். குடைக்காரிக்கு ஆப்பிள் மரத்தடியில் சாய்வு நாற்காலி. எல்லோரும் அவளிடம்தான் கேள்வி கேட்பார்கள். உங்க ஊர்ல மழை எப்படி, யானையைத் தொட்டிருக்கியா, கல்யாணம் ஏன் பண்ணிக்கல. படங்களைத் தம்பி மனைவிக்கு அனுப்புவாள். பதில் ஒரு நாள் தாமதமாக, ஒரே வார்த்தையில் வரும். அந்தத் தாமதத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்த படத்தையும் அனுப்புவாள்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்து சேர்ந்தாள்.

முப்பது வயது இருக்கும். குடைக்காரியின் ஊருக்குப் பக்கத்து ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, நீண்ட விடுமுறையில் ஊர் சுற்ற வந்தவள், தனி ஆள். அடுத்த தெருவில் அறை எடுத்திருந்தாள். ரொட்டிக் கடையில் சில்லறை எண்ணும்போது தனக்குத் தானே தமிழில் முணுமுணுத்தது குடைக்காரி காதில் விழுந்தது. திரும்பி, "நீங்க தமிழா?" என்று கேட்டாள். அதைக் கேட்டிருக்கவே கூடாது என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா!" என்று டீச்சர் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "மூணு வாரமா யார்கூடவும் பேசாம வாய் துருப்பிடிச்சுப் போச்சு!"

ஞாயிற்றுக்கிழமை குடைக்காரி அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். டீச்சருக்கு அந்த ஊர் பாஷையில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். மற்றதையெல்லாம் குடைக்காரிதான் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அது கௌரவமாகத்தான் இருந்தது. பிறகு சைக்கிள் பேச்சு வந்தது. கடைக்காரி உள்ளே போய் ஒரு சிவப்பு சைக்கிளை உருட்டிவந்தாள். சீட்டைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டுவதற்குள் டீச்சர் ஏறி மிதித்துவிட்டாள். ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே முற்றத்தை மூன்று சுற்று சுற்றினாள். அந்தச் சைக்கிளில் மணி வேறு இருந்தது. கிணிங் கிணிங் என்று அடித்தாள்.

நீல சைக்கிளில் மணி இல்லை. அதுவரை அது ஒரு குறையாகக் குடைக்காரிக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த ஞாயிறு டீச்சர் ஒரு கதை சொன்னாள். பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு இவளுக்குக் கைகால் உதறல். வருகைப் பதிவு எடுக்கும்போது பதற்றத்தில், எதிரில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டாள். அந்த மனுஷர் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று, "உள்ளேன் அம்மா!" என்றாராம்.

கேட்டதும் குடைக்காரிக்கே சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். மற்றவர்கள் பக்கம் திரும்பி, "அவ ஸ்கூலுக்கு ஒருநாள் ஒரு அதிகாரி வந்தார். நல்லபடியா போனார்" என்றாள்.

"ஓ, நல்லது" என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

டீச்சர் விழித்தாள். "என்னக்கா, அவ்வளவுதானா? யாருக்கும் சிரிப்பு வரலையே?"

"அவங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா."

டீச்சர் விடுகிற ஆளா? எழுந்தாள். தொந்தியைத் தள்ளிக்கொண்டு இன்ஸ்பெக்டராக நடந்தாள், கை நடுங்கப் பதிவேடு படிக்கும் டீச்சராக உட்கார்ந்தாள், மறுபடி இன்ஸ்பெக்டராக விறைத்து நின்று "உள்ளேன் அம்மா!" என்று கத்தினாள். கடைக்காரி மேசையில் தலையை வைத்து அழுதுகொண்டே சிரித்தாள். வாய் திறக்காத டிரைவருக்கே புரையேறிவிட்டது. அன்றிலிருந்து அவர் பின்கட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் "உள்ளேன் அம்மா!" என்று குரல் கொடுத்தபடி வந்தார். இத்தனை மாதங்களில் குடைக்காரியின் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தையைக்கூட அவர்கள் யாரும் எடுத்துக்கொண்டதில்லை. அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டியது போல இருந்தது.

அதன் பிறகு மொழிபெயர்ப்பில் கத்தரி விழ ஆரம்பித்தது. டீச்சரைப் பற்றி அவர்கள் பத்து வார்த்தை புகழ்ந்தால் இவள் இரண்டைக் கொடுத்தாள். டீச்சர் கேட்கும் கேள்விகளில் நல்லவற்றைத் தன் கேள்வியாகவே கேட்டாள். தப்பு என்று தெரியாமல் இல்லை. கறை எங்கே படும், எப்படிப் பரவும் என்று தெரிந்த தொழில்காரிதான். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

ஒருநாள் கடைக்காரி சொன்னாள்: "சனிக்கிழமை எல்லாரும் சைக்கிள்ல ஏரிக்குப் போறோம். டீச்சர் கட்டாயம் வரணும்னு சொல்லு. அவ இல்லாம கலகலப்பே இருக்காது."

குடைக்காரி டீச்சரிடம் போய், "சனிக்கிழமை ஏரிக்குப் போறாங்க. மேட்டு ரோடு, ரொம்ப தூரம். உனக்குக் கஷ்டம்னு நினைக்கிறாங்க" என்றாள்.

டீச்சர் முகம் சுருங்கியது. "அப்படியா சொன்னாங்க? சரிக்கா. நீங்க போயிட்டு வாங்க."

ஏரிக்கரையில் எல்லோரும் கேட்டார்கள், டீச்சர் எங்கே? "உடம்பு சரியில்ல, ஜுரம்" என்று வாய் தானாகச் சொன்னது. பொய் சொன்னவளுக்கு அன்று ஏரியும் ருசிக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் நாள் முழுக்கப் பேசியது ஜுரத்தில் கிடக்கும் டீச்சரைப் பற்றித்தான்.

திரும்பி வந்ததும் டிரைவர் ஒரு பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு நேராக டீச்சர் அறைக்குப் போனார். அவள் பாட்டுப் பாடியபடி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் அவள் நெற்றியைக் காட்டினார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் ஏரிப் பக்கம் கையை நீட்டி, சைக்கிள் மிதிப்பது போலக் காலைச் சுழற்றி, 'நீ ஏன் வரல?' என்று கையை விரித்தார். டீச்சருக்குப் புரிந்துபோயிற்று. சூப்பை வாங்கி வைத்துவிட்டு விறுவிறுவென்று குடைக்காரியின் மாடிக்கு ஏறி வந்தாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

கீழே கடைக்குக் கேட்டுவிடாமல் குடைக்காரி ஜன்னலைச் சாத்தினாள்.

"வேணாம்னு ஒதுக்கிட்டாங்கன்னு நினைச்சு நாள் பூரா சோறு இறங்காம உட்கார்ந்திருந்தேன். நீங்க அங்க படம் எடுத்துட்டிருந்தீங்க. நாளைக்குச் சாப்பாட்டுக்கு வருவேன். நான் சொல்றதை அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை விடக்கூடாது."

மறுநாள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு டீச்சர் எழுந்து நின்றாள்.

"எனக்கு ஜுரம் வரல. சொல்லுங்கக்கா."

சொன்னாள்.

"நீங்க என்னைக் கூப்பிட்டதை இவங்க எனக்குச் சரியா சொல்லல."

அதையும் சொன்னாள்.

"இவங்களுக்கு என் மேல வயித்தெரிச்சல்."

இங்கேதான் சிக்கல். பொறாமைக்கு அந்த ஊர் பாஷையில் என்ன வார்த்தை என்று குடைக்காரிக்குத் தெரியாது. "எனக்கு... வயிறு எரியுது" என்றாள்.

ரொட்டிக் கடைக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினார். கடைக்காரி மாத்திரை எடுக்க எழுந்தாள்.

"ஐயோ, அது இல்ல!" குடைக்காரிக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. "இன்னொருத்தி சைக்கிள்ல மணி இருக்கு. என் சைக்கிள்ல இல்ல. இன்னொருத்தி பேசினா எல்லாரும் சிரிக்கிறீங்க. அதைப் பார்த்து உள்ள எரியுதே, அதுக்கு உங்க பாஷையில என்ன பேரு?"

டிரைவர் மீசையைத் துடைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். குட்டி வார்த்தை. பிறகு, "எனக்கு அது நல்லாத் தெரியும்" என்றார். "நீ உட்கார்ந்திருக்கியே, அந்த நாற்காலி என்னோடது. அஞ்சு வருஷமா நான்தான் அதுல உட்கார்ந்துட்டிருந்தேன். நீ வந்த முதல் ஞாயித்துக்கிழமை அதுல உட்கார்ந்தே. இந்தக் கடைக்காரி உன்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஒரு மாசம் நான் இவ முகத்தையே பார்க்கல."

"ஆமா, பஸ்ஸையே வேற தெரு வழியா ஓட்டினான்" என்றாள் கடைக்காரி.

குடைக்காரி நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தாள்.

"என்னக்கா சொல்றாரு? சொல்லுங்க!" என்று டீச்சர் தோளைப் பிடித்து உலுக்கினாள். குடைக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுவதையும் சொன்னாள், மீசையைத் துடைத்தது உட்பட. டீச்சர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"மன்னிச்சிரும்மா."

"இப்போதைக்கு முடியாது. கோவம் இன்னும் அப்படியே இருக்கு" என்றாள் டீச்சர். "ஆனா உங்களை விட்டா எனக்காக யாரு பேசுவாங்க? உட்காருங்க. அந்த ரொட்டியை இங்க தரச் சொல்லுங்க."

கோபம் தணியக் கொஞ்ச நாள் பிடித்தது. பிறகு இருவரும் சேர்ந்தே சுற்றினார்கள். சந்தைக்குப் போனார்கள், ஏரிக்குப் போனார்கள், ஆற்றங்கரையில் ஒருத்தியை ஒருத்தி துரத்தினார்கள். டீச்சர்தான் எப்போதும் முந்தினாள். குடைக்காரிக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது. இப்போது அதை வாய்விட்டே சொல்லிவிடுவாள். டீச்சருக்கு அந்த வார்த்தை மட்டும் இரண்டு பாஷையிலும் அத்துப்படி ஆயிற்று.

டீச்சரின் விடுமுறை முதலில் முடிந்தது. ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய அன்று குடைக்காரிக்கு உண்மையிலேயே அப்பாடா என்றிருந்தது. இனி எல்லோரும் தன்னைத்தான் கேட்பார்கள். அடுத்த ஞாயிறு கேட்டார்கள்: டீச்சர் போய்ச் சேர்ந்துட்டாளா, போன் பண்ணினாளா? அவளும் அதையே பேச ஆசைப்பட்டாள். அந்த மத்தியானம் முழுக்க அந்தப் பேச்சுதான் ஓடியது.

தன் விடுப்பும் முடிந்து வீடு திரும்பியபோது தம்பி மனைவி வாசலுக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கதை கேட்டாள். குடைக்காரி சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்தது.

"அண்ணி, போனது நீங்க, ஆனா சொல்றதெல்லாம் அந்த டீச்சரைப் பத்திதான். பக்கத்து ஊர்தானே? ஒருநாள் இங்க கூட்டிட்டு வாங்களேன். எனக்கே பார்க்கணும் போல இருக்கு."

குடைக்காரி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். டீச்சர் வருவாள், கூடத்தின் நடுவில் நின்று தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவாள். தம்பி, தம்பி மனைவி எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் டீச்சர் எப்போ வருவா என்று இவளைத் தினம் நச்சரிப்பார்கள்.

"அவளுக்கு ஸ்கூல்ல ரொம்ப வேலை" என்றாள். "முதல்ல நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."