ஆறு வீட்டுக்காரரும் ஆதம்பாவா காக்காவும்

ஆதம்பாவா காக்கா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி, அட்டாளைச்சேனையில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பறை வாசலுக்கு வந்தது. கல்முனை பஸ்ஸில் ஏறிய பிறகும் மனம் நம்பவில்லை. முந்தின நாள்தான் படியில் என்னை மறித்து, "மாஸ்டர், மேல கூரையில ரெண்டு தகடு கழண்டு கிடக்கு, ஏறிப் பாப்பம்" என்றிருந்தார்.

அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று அழைத்த அவர், நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்ததை இங்கே கூடியிருக்கிற நீங்கள் அறிவீர்கள். எங்கள் இரண்டு மாடிக் கட்டடத்துக்கு அவர் செய்ததை அறிந்தவர்கள் குறைவு.

அங்கே ஆறு வீடுகள். எல்லாம் ஒரு ஹாஜியாருடையவை. காக்காவும் நானும் உட்பட ஆறு குடும்பங்களும் நீண்ட குத்தகையில் இருந்தோம். சூறாவளி கூரையைப் பிடுங்கிப் போனபோது, குடியிருக்கிறவர்கள் திருத்தட்டும் என்றார் ஹாஜியார். சொந்தக்காரர் திருத்தட்டும் என்றோம் நாங்கள். இடையில் நனைந்தது எங்கள் பிள்ளைகள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். என் மூத்த மகளைப் பேசி வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு, வீடு சொந்தம் என்று காட்டும் உறுதிப் பத்திரத்தைக் கேட்டார்கள். குத்தகைப் பத்திரத்தைக் காட்டினேன். "இன்னும் ஒன்பது வருசம்தானே மாஸ்டர் இருக்கு" என்று எழும்பிப் போனார்கள். மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

கேள்விப்பட்டு அன்று பின்னேரமே காக்கா வந்தார். "குத்தகையை நீட்டக் கேக்காதீங்க. நீட்டினா உங்கட பேத்தியும் ஒரு நாள் இப்படித்தான் நிப்பா. ஹாஜியாருக்கும் இந்தக் கட்டடம் தலையிடியாப் போச்சு. ஆறு பேரும் சேந்து வாங்குவம்" என்றார்.

ஹாஜியார் சம்மதித்தார். சம்மதிக்காதவர் கீழ்வீட்டு உதுமாலெவ்வைதான். அவருக்கு நான்கு பெண் பிள்ளைகள். கூட்டத்தில் நாங்கள் எல்லாரும் அவரோடு சத்தம் போட்டோம். காக்கா மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன பயம் எண்டு சொல்லுங்க" என்றார்.

"ஆறு பேருக்கும் பங்கு எண்டா, நாளைக்கு என்ட மகளுக்கு வீட்டைக் குடுக்க அஞ்சு பேரிட்ட கையெழுத்துக்கு அலையணுமே!"

"இல்ல. வீடு தனித்தனி உறுதி. உங்கட வீட்டை யாருக்குக் குடுக்கவும் எங்களக் கேக்கத் தேவல்ல. நிலம், படி, கூரை, இதுகள்தான் ஆறு பேருக்கும் பொது. அதுகளப் பிரிக்கவும் ஏலா, விக்கவும் ஏலா."

உதுமாலெவ்வை, "ஓம், அப்படியெண்டா சரி" என்றார்.

நில அளவையாளர் வந்து அளந்தார். காக்கா கூடவே நின்றார். கிணறு காக்காவின் சமையலறையான குசினிக்குப் பின்னால், அவர் குத்தகை எல்லைக்குள் இருந்தது. அதையும் பொதுவில் போடும்படி அவரே சொன்னார். அவர் மனைவி சபியா ராத்தா கோபப்பட்டார்: "நாளைக்கு எங்கட குசினி ஓரத்தால ஊரே நடக்கும்!"

"நடக்கட்டும் புள்ள. தண்ணிக்கு வாற ஆள மறிச்சிட்டு நான் எப்படித் தொழுற?"

ராத்தா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், கிணற்றுக்குப் போகும் வழியில் கிடந்த தன் விறகை ராத்தாவே எடுத்து ஒதுக்கி வைத்தார்.

அடுத்த வருடம் என் மகளுக்கு உறுதியோடு நிக்காஹ் நடந்தது. காக்கா பந்தியில் கடைசியாகத்தான் உட்கார்ந்தார். அவருக்கு நான் ஒழுங்காக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன்.

உறுதிகள் கைக்கு வந்த மறுநாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகை முடிந்து நான் வந்தபோது, அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியைக் கழுவிக்கொண்டிருந்தார். நீங்கள் ஏன் கழுவுகிறீர்கள் என்று பதறினேன்.

"நேத்து வரைக்கும் ஹாஜியார் பாப்பாரெண்டு விட்டம். இனி யாரு பாக்கிற, மாஸ்டர்?"

வாளியை நான் வாங்கிக்கொண்டேன். எல்லாருக்கும் சொந்தமான ஒன்று பாழாகக் கிடப்பதைக் கண்டால், யாராவது பார்ப்பார்கள் என்று என்னால் இப்போது கடந்துபோக முடிவதில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான்.